முத்தம்மா தொடுத்த வழக்கு

தூதர் என்றால் யார்? வேற்று நாட்டில் தங்கி, நம் நாட்டின் சார்பில் பேசுபவர். அது மிகப் பெரிய பொறுப்பு.

சி. பி. முத்தம்மா கர்நாடகத்தில் உள்ள குடகு நாட்டைச் சேர்ந்தவர். சென்னையில் படித்தவர். அரசு நடத்திய தேர்வில் வென்று, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண் இவரே.

சேரும்போதே அவரிடம் ஓர் உறுதிமொழி வாங்கினார்கள். திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டு விலகிவிட வேண்டும் என்பதே அது. ஆண்களுக்கு இப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

1961இல் வந்த பணி விதிகளும் அப்படித்தான் இருந்தன. பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால், அவரை விலகச் சொல்லலாம்.

குடும்பம் ஆணுக்கும் உண்டு அல்லவா? ஆணுக்கு ஏன் இந்த விதி இல்லை?

முத்தம்மா 1970இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதரானார். ஆனாலும் பணியின் உச்சப் படிக்கு அவரை உயர்த்தவில்லை. பெண் என்பதால் ஒதுக்கப்பட்டதாகக் கூறி, அவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. அதனால் வழக்கு தள்ளுபடி ஆனது. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதோடு விடவில்லை. இத்தகைய விதிகள் பெண்ணுக்கு அநீதி செய்கின்றன என்று 1979இல் தீர்ப்பில் எழுதினார். அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. ஆகவே, பணி விதிகளில் உள்ள பாகுபாட்டைக் களைய வேண்டும் என்றார். முத்தம்மாவின் பணி மூப்பை மறுபடி பார்க்கவும் சொன்னார்.

திருமண விதி நீக்கப்பட்டது. 2001இல் சோகிலா ஐயர் வெளியுறவுச் செயலாளர் ஆனார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். முத்தம்மா பணியில் சேர்ந்து அதற்குள் 52 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஏட்டில் இருந்த விதி போய்விட்டது. மனத்தில் இருக்கும் விதி போய்விட்டதா? "வீட்டையும் பார்த்துக்கொண்டு இந்தப் பொறுப்பையும் பார்க்க முடியுமா?" என்று பெண்ணிடம் கேட்கிறார்கள். அதே கேள்வியை ஆணிடம் யாராவது கேட்கிறார்களா? உங்கள் ஊரில் எப்படி? கூடிப் பேசுங்கள்.