மருந்தைக் காக்கும் இரு சீட்டுகள்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை, சேலை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குச் சேலை வாங்குவோர் துணியை விரித்துப் பார்ப்பர். நூலைத் தொட்டு அறிவர். அதே ஊரில் மருந்து வாங்குவோருக்கு இத்தகைய சோதனை இயலாது. மாத்திரைக்குள் இருப்பதைக் கண்ணோ கையோ கூறிவிடாது. ஆகவே, சட்டம் அவர்களுக்கு இரு சீட்டுகளைக் காவலாக வைத்துள்ளது. ஒன்று, உறைமீதுள்ள விவரச்சீட்டு. மற்றொன்று, மருத்துவர் எழுதித் தரும் மருந்துச்சீட்டு.

விவரச்சீட்டின் வலிமையை 1937இல் அமெரிக்காவில் நிகழ்ந்த துயரம் உணர்த்தும். ‘எலிக்சிர்’ என்னும் பெயரில் விற்கப்பட்ட நீர்ம மருந்தை உட்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும் என்னும் விதி அன்று அங்கு இல்லை. எனினும், எலிக்சிர் என்பது ஆல்ககால் கலந்த மருந்தையே குறிக்கும். அம்மருந்தில் ஆல்ககால் இல்லை. அப்பெயர்ப் பிழையைக் கொண்டே நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுக்க முடிந்தது.

இந்தியாவில் 1930இல் அமைக்கப்பட்ட சோப்ரா குழுவின் ஆய்வைத் தொடர்ந்து, 1940இல் மருந்துகள் சட்டம் இயற்றப்பட்டது; 1945இல் விதிகள் வகுக்கப்பட்டன. உரிய முறையில் விவரச்சீட்டு இல்லாத மருந்தையும், பொய்யான கூற்றைத் தாங்கிய மருந்தையும் விற்பது இச்சட்டப்படி குற்றமாகும். 2010இல் சென்னையில், காலாவதியான மருந்துகளின் நாளை மாற்றி மீண்டும் விற்பனைக்கு அனுப்பிய செயல் வெளிப்பட்டுத் தமிழகத்தையே அதிரச் செய்தது.

மருந்துச்சீட்டைப் பொறுத்தவரை, ‘எச்’, ‘எச்1’ அட்டவணைகளில் உள்ள மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. எச்1 மருந்துகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் காக்க வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் பல இவ்வட்டவணையில் அடங்கும். அவற்றை முறையின்றி உண்டால், கிருமிகள் மருந்துக்கு அடங்காத வலிமை பெறும்.

இவ்விரு பிழைகளுக்கும் சட்டத்தின் 27(ஈ) பிரிவின்படி, ஓராண்டுக்குக் குறையாமல் ஈராண்டுவரை சிறையும் ரூ.20,000க்குக் குறையாத தண்டமும் விதிக்கலாம். 2023ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய தொகையைச் செலுத்தி இக்குற்றத்தை முடித்துக்கொள்ளவும் வழி தந்துள்ளது. போலி மருந்து விற்றால் தண்டனை ஏழாண்டுச் சிறையில் தொடங்கும். போலி மருந்தோ கலப்பட மருந்தோ உயிரிழப்புக்குக் காரணமானால், பத்தாண்டு முதல் வாழ்நாள்வரை சிறை உண்டு. இவையன்றி, கடையின் உரிமத்தை நிறுத்திவைக்கவும் நீக்கவும் விதிகள் இடமளிக்கின்றன.

உரிமம் பெற்றவரிடம் கொள்முதல் செய்து, குறையை அறிய வாய்ப்பின்றி, மருந்தை முறையாகப் பாதுகாத்து, வந்த நிலையிலேயே விற்ற வணிகருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. ஆயினும், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே.

மருந்துகள் ஆய்வாளர் மட்டுமே ஐயத்தைத் தீர்க்க இயலும் என்பதில்லை. தாம் வாங்கிய மருந்தை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அளிக்கும் உரிமை, 26ஆம் பிரிவின்படி எவருக்கும் உண்டு. பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடரவும் முடியும். அதற்குக் கடைக்காரர் தரும் விற்பனைச் சீட்டு சான்றாகும். அதைக் கேட்டு வாங்கி, உறையின்மேல் பெயரையும் நாளையும் படித்தறியும் பழக்கமே எழுத்திலுள்ள சட்டத்திற்கு உயிர் தருவதாகும்.