ஜீப்புக்குப் பழைய சக்கரம் வாங்குகிறீர்களா? செவுளைத் திறந்து பாருங்கள்!



கண்டி மத்திய சந்தைக்கு மீன் வாங்கப் போகிறீர்கள். வியாபாரி தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மீனைப் பளபளப்பாக வைத்திருக்கிறார். அந்தப் பளபளப்பைப் பார்த்தா வாங்குகிறீர்கள்? இல்லை. செவுளைத் திறந்து பார்ப்பீர்கள். கண்ணைப் பார்ப்பீர்கள். வயிற்றை விரலால் அழுத்துவீர்கள். பிறகுதான் விலை பேசுவீர்கள்.

ஆனால் உங்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புக்குப் பாவித்த சக்கரங்கள் வாங்கும்போது மட்டும், "அது ஆம்பிளைகளின் விஷயம்" என்று ஒதுங்கிக்கொள்கிறீர்கள். பின் ஆசனத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் போகிறவர் யார்? நீங்கள்தானே! மீனுக்குச் செவுள் இருப்பதைப் போல டயருக்கும் ஓர் அடையாளம் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும், வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் வழி திறந்தது. இடையிலே போன ஐந்து ஆண்டுகளில் பழைய மொன்டேரோ, பிராடோ ஜீப்புகளைத் திருத்தித் திருத்தி ஓட்டிய குடும்பங்கள் ஏராளம். புதிய வாகனங்களின் விலையும் வரியும் பலருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் இன்றும் அதுவே நிலைமை. எனவே கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்தோ, ஊரில் பழைய வாகனம் உடைப்பவரிடமிருந்தோ பாவித்த ரிம்களும் டயர்களும் வீட்டுக்கு வருகின்றன. சிக்கனம் நல்லதுதான். எதில் சிக்கனம் செய்வது என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தம்பி தன் மொன்டேரோவுக்கு நான்கு அலோய் ரிம்களை டயரோடு சேர்த்து வாங்கி வந்தான். அடுத்த வாரம் கல்முனையில் ஒரு கலியாணம். மஹியங்கனை வீதியால், 'பதினெட்டு வளைவு' இறக்கத்தைத் தாண்டிப் போக வேண்டும். சிறியவரும் பெரியவருமாக ஏழு பேர் போவதாக ஏற்பாடு.

"ராத்தா, இது ஓடாத டயர். பள்ளக்கோடுகளைப் பாருங்க, அப்படியே இருக்கு" என்றான். உண்மைதான். கறுப்பு மினுமினுப்புடன் புதிது போலவே இருந்தது. என் மகள் கைப்பேசி விளக்கை அடித்து டயரின் பக்கச் சுவரைப் படித்தாள். நீள்வட்டம் ஒன்றுக்குள் நான்கு இலக்கங்கள்: 0911. அதாவது 2011ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர்!

விற்றவர் பொய் சொல்லவில்லை. அந்த ஜீப் பல வருடம் கொட்டகையில் நின்றிருந்ததாம். டயர் ஓடவில்லை. ஆனால் அதற்கு வயதாகிவிட்டது. பக்கச் சுவரை விரலால் அழுத்தி விரித்தபோது, மினுக்கெண்ணெய்க்கு அடியில் தலைமயிர் போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. தம்பிக்கு முகம் வாடிப்போயிற்று. கொடுத்த காசு கொஞ்சமல்ல. வாப்பா ஒரே வார்த்தை சொன்னார்: "ரிம்மை வெச்சுக்கோ மகன், டயரைக் கழட்டு." கலியாணத்துக்கு பஸ்ஸில் போனோம்.

ஒரு தாயின் போராட்டம்

"கோடு தேயாத டயருக்கு என்ன வந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012 செப்டெம்பரில், இசை விழா ஒன்றிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்று சரே மாவட்டத்தில் வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது. சாரதியும் இரண்டு பயணிகளும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் 18 வயதான மைக்கேல் மொலோய். வெடித்த முன் டயரின் வயதை விசாரணையில் பார்த்தால் 19 ஆண்டுகளுக்கும் மேல். பிள்ளையை விட டயருக்கு வயது அதிகம்!

டயரின் வயதுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் அன்று வரம்பு ஏதும் இருக்கவில்லை. மைக்கேலின் தாய் பிரான்சிஸ் மொலோய் சும்மா இருந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளின் கதவைத் தட்டினார். முடிவில் 2021 பெப்ரவரி 1 முதல், லொறிகளுக்கும் பஸ்களுக்கும் முன் அச்சில் 10 வயதைத் தாண்டிய டயர் பூட்டுவது அங்கே தடை செய்யப்பட்டது. அந்தத் தாய் இயந்திரம் படித்தவர் என்பதால் அல்ல, கேள்வி கேட்டதால்தான் இது நடந்தது.

ரப்பர் நிற்கும்போதும் மூப்படைகிறது. வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஒட்சிசனும் அதை இறுகச் செய்கின்றன. உள்ளே கம்பிப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்புத் தளர்கிறது. ஒரு நாள் நீண்ட இறக்கத்தில், பாரத்துடன், சூடேறிய நேரத்தில் மேல்தோல் உரிந்து வருகிறது. காரை விட ஜீப் உயரமானது. எனவே டயர் உரிந்தால் புரளும் ஆபத்தும் அதிகம். அமெரிக்காவில் 2000 ஓகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திருப்பியழைத்ததற்குக் காரணம், ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் போன்ற ஜீப்புகளில் டயரின் மேல்தோல் கழன்றதுதான். அவ்விபத்துகளில் 270க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

டயரைப் படிப்பது எப்படி?

முதலில் வயது. டி.ஓ.டி. என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. தொடவே வேண்டாம். இந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் காணாவிட்டால் உட்பக்கத்தைப் பாருங்கள். ஆறு ஆண்டுகளில் மாற்றிவிடும்படி பல வாகன உற்பத்தியாளர்கள் கூறுகிறார்கள். மிஷலின் நிறுவனமோ ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், எப்படியும் பத்தாண்டில் கழற்றிவிடவும் சொல்கிறது.

அடுத்தது அளவு. 265/70 ஆர் 16 என்றால் அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 70. ரிம் 16 அங்குலம். இதற்குப் பதிலாக 17 அங்குல ரிம் கிடைத்தால் 265/65 டயர் போட்டால் மொத்த உயரம் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் 777 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்ட வரும். வேகமானி பொய் சொல்லாது.

மூன்றாவது பாரம். அளவுக்குப் பக்கத்தில் 112 என்று இருந்தால் அந்த டயர் 1,120 கிலோகிராம் தாங்கும். 94 என்றால் 670 கிலோகிராம்தான். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறிய ஜீப் இரண்டரைத் தொன்னைத் தாண்டும். எந்த அளவு தேவை என்பது சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ளது.

பிறகு கையால் பாருங்கள். பக்கச் சுவரில் கொப்புளம் போன்ற வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. பள்ளக்கோடுகளின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மேல் ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. மழை நாளில் அதற்கு முன்பே வழுக்கத் தொடங்கும். பிராடோ போல எப்போதும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வாகனத்துக்கு நான்கும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் கியர்ப் பகுதி வீணாகச் சுமை ஏற்கும்.

ரிம் பொருந்துமா?

ஆறு ஆணி ரிம் எல்லாம் ஒன்றல்ல. மொன்டேரோவுக்கும் பிராடோவுக்கும் ஆணித் துளைகள் ஒரே வட்டத்தில், 139.7 மில்லிமீற்றரில் வருகின்றன. ஆனால் நடுத் துளை வேறு. பிராடோவில் 106 மில்லிமீற்றர். மூன்றாம் தலைமுறை மொன்டேரோவில் 67. எனவே மொன்டேரோ ரிம் பிராடோவில் ஏறாது. பிராடோ ரிம் மொன்டேரோவில் ஏறும், ஆனால் நடுவில் இடைவெளி விட்டுவிடும். அதை நிரப்பச் சரியான வளையம் வேண்டும். ரிம்மின் பின்புறம் ஈ.டி. என்ற எழுத்துகளுடன் ஓர் எண் பொறித்திருக்கும். சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதை அது காட்டுகிறது. பழைய ரிம்மின் எண்ணுக்கு அண்மையில் இருக்கட்டும். நட்டுகளிலும் கவனம்: சில ரிம்களுக்குக் கூம்பு வடிவ நட்டு, சிலவற்றுக்கு வொஷர் வைத்த தட்டை நட்டு. மாற்றிப் பூட்டினால் கழன்றுவிடும்.

ரிம்மின் முகத்தை விட முதுகே உண்மை பேசும். டயர் இல்லாமல் கழுவி, உட்புறம் முழுவதும் விளக்கடித்துப் பாருங்கள். வெடிப்போ, ஒட்டு வைத்த தடமோ கண்டால் வேண்டாம் என்று விடுங்கள். சக்கரம் சமப்படுத்தும் மெசினில் ஏற்றிச் சுற்றச் சொல்லுங்கள். விளிம்பு ஆடினால் வளைந்திருக்கிறது.

ரிம்மை அழகாக்குவோம்

உறுதியான ரிம் கிடைத்துவிட்டால் கீறலுக்கும் மங்கலுக்கும் அஞ்ச வேண்டாம். நாங்கள் முற்றத்திலேயே செய்தோம். முதலில் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். கோஸ்டிக் சோடாவும் அமிலமும் கூடாது. அலுமினியச் சட்டியில் புளி ஊறினால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியுமே! அலோய் ரிம்மும் பெரும்பாலும் அலுமினியம்தான்.

கீறல்களை 120ஆம் இலக்க சேண்ட் பேப்பரால் தேய்த்து, பின் 240, கடைசியில் 400ஆல் தண்ணீர் தொட்டு மினுக்குங்கள். மேலோட்டமான குழிக்கு மட்டும் பட்டி பூசலாம். வெடிப்பை மறைக்க ஒருபோதும் பூசக் கூடாது. உலோகம் தெரியும் இடத்துக்கு அலுமினியத்துக்குரிய பிரைமர், அதன் மேல் வெள்ளி நிறம், கடைசியில் நிறமற்ற லேக்கர். ஒவ்வொன்றையும் மெல்லிய பூச்சாக, காயவிட்டுக் காயவிட்டு அடிக்க வேண்டும். நம் கண்டியில் மாலை மழையும் ஈரக்காற்றும் அதிகம். ஈரத்தில் லேக்கர் பால் போல வெளிறிவிடும். வெயில் ஏறிய காலை வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் பெயின்ட் படக் கூடாது: நட்டு அமரும் குழிகள், வாகனத்தோடு ஒட்டும் பின்முகம். அங்கே தடித்த பூச்சு இருந்தால் நாளடைவில் நசுங்கி நட்டு தளரும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். பழைய ரிம்மில் ஒட்டியிருக்கும் சிறு எடைகள் ஈயமாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடாதீர்கள்.

பூட்டிய பின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை, டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கள். ஜீப்பின் முதுகில் தொங்கும் ஐந்தாவது சக்கரத்தின் திகதியையும் மறக்காமல் படியுங்கள். எல்லாவற்றிலும் மூத்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்!

கழற்றிய டயர் என்னாவது?

தம்பியின் அந்த நான்கு டயர்களையும் கேட்டு ஒருவர் வந்தார், பழைய வான் ஒன்றுக்காம். கிடைக்கிற காசு கிடைக்கட்டும் என்று தம்பி யோசித்தான். குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை. குறையைச் சொல்லி விற்றாலும், அந்த வானிலும் பிள்ளைகள்தானே ஏறுவார்கள்? தம்பி விற்கவில்லை. யாரும் மறுபடி பூட்ட முடியாதபடி பக்கச் சுவர்களை வெட்டி, மாநகர சபை வண்டியில் ஒப்படைத்தான்.

வீட்டுப் பின்புறத்தில் போட்டு வைப்பதும் தீர்வல்ல. டயரில் தேங்கும் மழைநீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். 2017இல் இந்நாட்டில் 186,000 பேருக்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டதை மறக்க முடியுமா? நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

சகோதரிகளே, எங்கள் அனுபவம் இதுதான். உலோகத்தைத் தேய்த்து, பூசி, புதிதாக்கலாம். ரப்பரின் வயதைக் குறைக்க எந்தப் பூச்சாலும் முடியாது. ரிம்மைப் பழையதாக வாங்கி மிச்சம் பிடியுங்கள். அந்த மிச்சத்தைப் புதிய டயருக்குப் போடுங்கள்.

இன்று மாலை வீட்டுக்காரர் ஜீப்பை முற்றத்தில் நிறுத்தியதும், ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த நான்கு இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். ஐந்து சக்கரங்களையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.