வண்டித் தடம் அகழ்ந்த வழிகள்

ஜெர்மனியின் தென்மேற்கே, ரைன் சமவெளியில், கைசர்ஸ்டூல் என்னும் எரிமலைக் குன்றுகள் உள. அங்குள்ள திராட்சைத் தோட்டத்தார் பலர் நம்மைப் போன்ற கூட்டுறவுச் சங்கத்தினரே.

குன்றுகளின்மேல் பனியூழிக் காற்று குவித்த ‘லோஸ்’ என்னும் மஞ்சள் நுண்மண் படிந்துள்ளது. வெட்டினால் சுவர்போல் நிற்கும், மிதித்தால் பொடியாகும். தோட்டம் சென்ற வண்டிச் சக்கரங்களும் மாட்டுக் குளம்புகளும் அதனைப் பொடித்தன. மழை அரித்துச் சென்றது. நூற்றாண்டுகள் கழிய, பாதைகள் பல ஆள் ஆழத்திற்குத் தாழ்ந்து மலையிடுக்குகளைப் போலாயின. பிக்கன்சோல் ஊரின் ஐக்காஸே வழி இதற்குச் சான்று. இத்தகைய மண்சுவர்களில் காட்டுத் தேனீக்களும் பஞ்சுருட்டான் பறவைகளும் வளை தோண்டி வாழ்கின்றன.

1960-களிலும் 1970-களிலும் சிறு படிநிலங்களை இணைத்துப் பெரும் படிகள் அமைத்தனர். இயந்திரம் இயங்க இடம் கிடைத்தது, உழைப்பும் குறைந்தது. ஆயின் பழைய வழிகள் பல மறைந்தன. மலைப்புறம் சாய்த்த படிகளில் குளிர்காற்றுத் தேங்கிக் கொடிகள் கருகின, நீரும் உள்ளிறங்கியது. 1983 மே மாதப் பெருமழையில் கரைகள் பல சரிந்தன. எஞ்சிய வழிகள் பல இன்று சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

நில இணைப்பை நாம் குறை கூறவில்லை. கணக்கைத் தணிக்கை செய்யும் நாம் ஒன்றை அறிவோம்: தனியொருவருக்கு உரிமையில்லாத வழிக்கும் வாய்க்காலுக்கும் பேரேட்டில் பக்கம் இல்லை. ஆதலின் அவற்றின் நட்டம் எழுதப்படுவதுமில்லை. நிலத்தைத் திருத்தத் தீர்மானம் வரும்போது, அங்கத்தினர்களே, ‘தண்ணீர் எவ்வழிப் போகும்?’ என்று பொதுக்குழுவில் முதலில் கேளுங்கள்; பிறகு கையொப்பமிடுங்கள்.