நுண்நெகிழி மாதிரித் தயாரிப்பு

நுண்நெகிழி மாதிரித் தயாரிப்பு என்பது நீர், மணல், சேறு ஆகியவற்றிலிருந்து 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துணுக்குகளைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கு ஏற்றதாக்கும் செய்முறை ஆகும். இத்துணுக்குகளைக் குறிக்கும் சொல், பிரித்தானியக் கடலியலாளர் ரிச்சர்ட் தாம்சனும் அவரது குழுவினரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பின்னர் பரவலானது.

சென்னைச் சூழல்

சென்னையின் தெற்கிலுள்ள பெருங்குடியில், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஒரு பகுதியில் மாநகரக் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டது. சதுப்புநில நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. இச்சதுப்புநிலம் 2022 இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இதன் ஒரு பகுதி காப்புக்காடு என்பதால், அங்கு மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதி தேவை.

2015 வெள்ளத்திற்கு முன்னும் பின்னும் சென்னைக் கடற்கரையில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், மார்ச்சு மாதத்தைவிட நவம்பரில் ஏறத்தாழ மும்மடங்கு நெகிழிக் குருணைகள் காணப்பட்டன. கூவம், அடையாறு ஆகிய ஆறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டுவந்தன.

செய்முறை

1. *சேகரித்தல்:* எஃகுக் கரண்டியால் சேற்றை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் இடவேண்டும். நெகிழிப் பைகளைத் தவிர்க்கவேண்டும்.
2. *உலர்த்தல்:* நெகிழி உருகாதவாறு 50 முதல் 60 பாகை செல்சியசில் உலர்த்தி எடை காணவேண்டும்.
3. *அடர்த்திப் பிரிப்பு:* ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 360 கிராம் உப்பைக் கரைத்து வடிகட்டினால், அடர்த்தி 1.2 கொண்ட கரைசல் கிடைக்கும். அதில் சேற்றைக் கலக்கித் தெளியவிட்டால் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், பாலிசுடைரீன் துணுக்குகள் மிதக்கும். மேல்நீரை 0.3 மில்லிமீட்டர் எஃகுச் சல்லடையில் ஊற்றி, தங்கியவற்றை முகவையில் கழுவிச் சேர்க்கவேண்டும்.
4. *கரிமப்பொருளை நீக்கல்:* சதுப்புநிலச் சேற்றில் மட்கிய இலைதழை மிகுதி. 0.05 மோலார் இரும்பு(II) சல்பேட்டுக் கரைசல் 20 மில்லிலிட்டரும், 30 விழுக்காடு ஐதரசன் பெராக்சைடு 20 மில்லிலிட்டரும் சேர்த்துச் சற்றுப் பொறுத்து, 75 பாகைக்கு மிகாமல் சூடாக்க வேண்டும்.
5. *வடித்தல்:* கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, மூடிய பெட்ரி தட்டில் உலர்த்தி நுண்ணோக்கியில் காணவேண்டும்.

பாதுகாப்பு

பெராக்சைடு தோலையும் கண்ணையும் எரிக்கும். வெப்பம் மிகுந்தால் கலவை பொங்கி வழியும். எனவே கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியர் மேற்பார்வையில், புகைபோக்கிப் பெட்டியினுள், மூடாத கலத்தில் செய்யவேண்டும்.

பிழைகளும் வரம்புகளும்

ஆய்வாளரின் செயற்கை இழை ஆடையிலிருந்து உதிரும் நார் மாதிரியில் விழுந்தால், இல்லாத மாசு இருப்பதாகத் தோன்றும். ஆகவே பருத்தி மேலாடை அணிவதும், தூய நீரை மட்டும் கொண்டு எல்லாப் படிகளையும் செய்த வெற்று மாதிரி ஒன்றை உடன் வைப்பதும் இன்றியமையாதவை. வெற்று மாதிரியில் கிடைத்த எண்ணிக்கையை முடிவுடன் சேர்த்துக் குறிப்பிடவேண்டும்.

பிவிசி, பாலியெசுட்டர் ஆகியவற்றின் அடர்த்தி ஏறத்தாழ 1.4 என்பதால் அவை உப்புநீரில் மூழ்கிவிடும். துத்தநாகக் குளோரைடுக் கரைசல் அவற்றையும் மிதக்கவைக்கும். ஆனால் அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, சாக்கடையில் கொட்டக் கூடாது. சல்லடையில் நழுவும் நுண்துணுக்குகளும் கணக்கில் வாரா. எனவே ஒரு கிலோகிராம் உலர்சேற்றுக்கு எத்தனை துணுக்குகள் என்று கூறும்போது, சல்லடை அளவையும் கரைசலையும் குறிப்பிட்டால்தான் அந்த எண்ணைப் பிற ஆய்வுகளுடன் ஒப்பிட இயலும்.

கண்ணால் கண்டதை மட்டும் கொண்டு நெகிழி என உறுதிசெய்ய முடியாது. அகச்சிவப்பு அல்லது இராமன் நிறமாலை ஆய்வே அதனை உறுதிப்படுத்தும்.