‘ஆண் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்று காத்திருக்கலாமா?

பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் குழந்தைகளை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். 5ஆம் மாதம் கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை, 9ஆம் மாதம் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி, ஓராண்டு கடந்ததும் தளர்நடை போட்டு வரும் வாரானை. இன்றைய குழந்தை மருத்துவர்களின் வளர்ச்சி அட்டவணையும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகிறது.

2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். 4 மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். 9 மாதத்துக்குள் பிடிப்பில்லாமல் உட்கார்ந்து, ஒன்றரை வயதுக்குள் நடந்துவிட வேண்டும். நாலு நாள் முன்னே பின்னே ஆவது இயல்பு. 2 மாதம் முன்கூட்டியே பிறந்த குழந்தை என்றால், டாக்டர் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

சில அறிகுறிகளை வீட்டில் வேடிக்கையாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். எதைக் கொடுத்தாலும் இடது கையையே நீட்டும் 8 மாதக் குழந்தையைப் ‘பீச்சாங்கைக்காரன்’ என்று கொஞ்சுவது வழக்கம். அந்த வயதில் கைப்பழக்கம் உறுதிப்படுவதில்லை. ஒரு கை மட்டும் எப்போதும் முந்துகிறது என்றால், மற்றக் கையில் பலம் குறைவாக இருக்கலாம். மூளையின் ஒரு பக்கப் பாதிப்பு முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

காதும் அப்படியே. ‘கதவைச் சாத்தினால் திரும்புகிறானே’ என்று தாத்தா சாட்சி சொல்வார். அந்த அதிர்வு தரையில் தெரிந்திருக்கலாம், நிழல் கண்ணில் பட்டிருக்கலாம். தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழ் ஒன்றை வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கிற, வலியே இல்லாத பரிசோதனை இருக்கும்போது கதவை நம்ப வேண்டியதில்லை. 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

இவ்வளவு அவசரம் ஏன்? முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை புதிய இணைப்புகளை உண்டாக்கும் வேகம் பிறகு வருவதில்லை. நோய்க்குப் பெயர் வைக்கும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. கழுத்து நிற்கவில்லையா, கழுத்துக்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம்.

தென்காசி அருகே ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம் இந்த வேலையைக் கிராமங்களுக்குள் கொண்டுபோயிருக்கிறது. கல்லூரி நாட்களில் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்பு இது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இங்கே பயிற்சி பெற்ற பணியாளர்கள் குழந்தைகளின் வீடு தேடிப் போகிறார்கள். குழந்தையின் நிலையை ‘எனேபிளிங் இன்குளூஷன்’ என்ற செயலியில் பதிகிறார்கள். இயன்முறை, பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள் அதைப் பார்த்து அடுத்த அடியைச் சொல்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போய், ஒரு நாள் கூலியையும் இழக்கிற தாய் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பாள்? என்னைக் கேட்டால், விலை உயர்ந்த கருவிகளைவிட வீட்டுக்கு வரும் இந்த ஆள்தான் முக்கியம்.

வீட்டில் நடக்கும் பயிற்சி பெரும்பாலும் பயிற்சி போலவே தெரியாது. பெருமூளை வாதத்தால் கால்கள் கத்தரிக்கோல் போல இறுகிப் பின்னிக்கொள்ளும் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தூக்கினால் இறுக்கம் அப்படியே இருக்கும். கால்களை விரித்து இடுப்பில் உட்காரவைத்துத் தூக்கினால் தொடைத் தசைகள் தளர்கின்றன, முதுகு நிமிர்கிறது, கைகளுக்கு விடுதலை கிடைக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் காலங்காலமாக இடுப்பில் தூக்கிய முறைதான் இது. குளிப்பாட்டும்போது ‘இது கை, இது கால்’ என்று பேசுவதும், பிடித்த பொம்மையை எட்டாத தூரத்தில் வைத்து நகரவைப்பதும் சிகிச்சையே. நடைவண்டிக்குள் குழந்தையை உட்காரவைத்துத் தள்ளவிடும் ‘வாக்கர்’ மட்டும் வேண்டாம். அது நடையை முந்தவைப்பதில்லை, படியில் உருளவைக்கும். கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

அரசின் பக்கமும் வழி இருக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இப்படி ஒரு மையம் இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

9ஆம் மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகத்தான் போகிறீர்கள். ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல், குழந்தை உட்காருவது, திரும்புவது, குரல் கொடுப்பது பற்றி உங்கள் மனதில் இருக்கும் சந்தேகத்தை அங்குள்ள செவிலியரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.