சாட்பாட் கேட்கும் கேள்விகள்: உங்கள் விடைக்கேற்ப வழி பிரிவது எப்படி?

கீமோதெரபி பெற்று வீடு திரும்பியவர்களைக் கைப்பேசி வழியே நலம் விசாரிக்கும் சாட்பாட்டைப் பற்றிப் பலரும் எங்களிடம் கேட்பது இதுதான்: "மறுமுனையில் இருப்பவர் மருத்துவரா?" இல்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் முன்கூட்டியே எழுதிவைத்த வினாக்களே அங்கு உள்ளன. விடை இதுவானால் இந்த வழி, வேறானால் அந்த வழி என்று அவை மரக்கிளைபோல் பிரிந்து செல்லும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நினைவுத் தடுமாற்றம், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றைப் பற்றியே முதலில் கேட்கிறோம். இவற்றுள் ஒன்றுக்கேனும் "ஆம்" என்ற விடை வந்தால், ஏனைய கேள்விகள் அங்கேயே நின்றுவிடும். 108ஐ அழைக்குமாறு அறிவுறுத்தப்படும். அந்நிலையில் இருப்பவரிடம் பசியையும் உறக்கத்தையும் பற்றிக் கேட்டுக் காலம் கடத்தலாகாது.

அடுத்தது காய்ச்சல். கீமோதெரபிக்குப் பின் இரத்த வெள்ளணுக்கள் குறைவதால் நோய்த்தொற்று விரைவில் தீவிரமடையக்கூடும். சில வேளைகளில் காய்ச்சல் ஒன்றே அதன் அறிகுறியாக இருக்கும். இதற்கான எல்லை 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். "100.4க்கு மேல்" ஒரு கிளை, "100.4க்குக் கீழ்" மற்றொரு கிளை என்று எழுதினால், சரியாக 100.4 உள்ளவருக்கு வழியே இராது. ஆகவே "100.4 அல்லது அதற்கு மேல்" என்று எழுதி, அவரையும் உடனடியாக மருத்துவரிடம் சேர்க்கும் கிளையில் வைக்கிறோம்.

சிலரது வெப்பமானி செல்சியஸில் காட்டும். அவர்கள் 38.5 எனப் பதிவிடும்போது, அதை ஃபாரன்ஹீட் என்று கொண்டால் காய்ச்சல் இருப்பவரே காய்ச்சல் இல்லாதவராகக் கணிக்கப்படுவார். எனவே 45க்குக் குறைவான எண் வந்தால், அது எந்த அளவை என்று சாட்பாட் மீண்டும் கேட்கும்.

எண் எல்லைக்குள் இருந்தாலும் உரையாடல் முடிந்துவிடாது. பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். ஆதலால் அம்மாத்திரை உட்கொள்ளப்பட்டதா, குளிர்நடுக்கம் உண்டா என்ற கேள்விகள் தொடரும். மருத்துவரைக் கேளாமல் அதை உட்கொள்ள வேண்டாம்.

எந்தக் கிளைக்கும் பொருந்தாத விடைகளும் வரும். "தெரியவில்லை" என்ற விடையோ, புரியாத சொற்களோ வந்தாலும், விடையே வராவிட்டாலும், உரையாடல் செவிலியரிடம் ஒப்படைக்கப்படும். மௌனத்தை நலம் என்று பொருள்கொள்ளலாகாது என்பதே இதன் அடிப்படை விதி.

பராமரிப்பவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஊகமாக எண்ணைப் பதிவிடாதீர்கள், வெப்பமானியால் அளந்து பதிவிடுங்கள். வலியும் மூச்சுத்திணறலும் உண்டா என்பதை நோயாளியிடமே கேட்டு விடையளியுங்கள். மருத்துவமனைக்கு வர நேரிடுமோ என்ற அச்சத்தால் "இல்லை" என்று பதிலளிக்காதீர்கள். சாட்பாட்டால் நோயாளியின் முகவாட்டத்தைக் காண இயலாது. நீங்கள் தரும் விடையை மட்டுமே அது அறியும். அது "கவலை வேண்டாம்" என்று கூறிய பின்னரும் உங்களுக்கு ஐயம் நீங்காவிடில், எந்நேரமாயினும் எங்களை அழையுங்கள்.