படுக்கையறை ஜன்னலில் திறக்கும் கிரில்: ஒப்பந்தக்காரரை அமர்த்துமுன்

புதிதாக வீடு வாங்குவோர் குடிபுகுமுன் செய்துகொள்ளும் வேலைகளுள் ஜன்னல்களுக்கு இரும்புக் கிரில் பொருத்துவதும் ஒன்று. திருட்டைத் தடுக்கவும் குழந்தைகள் தவறி விழாமல் காக்கவும் அது தேவையே. ஆனால் சுவரில் அசையாதபடி பதித்த கிரில், தீ விபத்தின்போது வீட்டாரை உள்ளேயே அடைத்துவிடும். 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் தில்லி அனாஜ் மண்டியில் ஒரு கட்டடத்தில் தீ மூண்டு, அங்கே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 43 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகை. தீயணைப்பு வீரர்கள் ஜன்னல் கம்பிகளை அறுத்து உள்ளே செல்ல வேண்டியிருந்தது.

அது தொழிற்கூடம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஜன்னலில் திறவாத கிரில் என்பதே நம் படுக்கையறைகள் பலவற்றின் அமைப்பு. கூடத்தில் தீப்பற்றினால் கதவுவழி அடைபடும். எனவே ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலின் கிரில்லிலாவது கீல் வைத்த கதவு ஒன்று இருத்தல் வேண்டும். பட்டறைகளில் ‘ஓபனபிள் கிரில்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

எவ்வளவு அகலம் வேண்டும்? அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, படுக்கையறையின் அவசர வழிக்கு 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம், மொத்தம் 5.7 சதுர அடித் திறப்பு ஆகியவற்றைக் குறைந்தபட்ச அளவாகக் கூறுகிறது. திறப்பின் அடிப்பகுதி தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கலாகாது. கம்பி போட்டிருந்தால், சாவியோ கருவியோ இன்றி உள்ளிருந்து திறக்க வேண்டும் என்பதும் அதன் விதி. நம்மை அது கட்டுப்படுத்தாது. எனினும் நல்ல அளவுகோல். 2 அடி அகலமும் 3 அடி உயரமும் உள்ள கிரில் கதவு 6 சதுர அடித் திறப்பைத் தரும்.

இங்கே பலர் தவறுவது ஒன்றுண்டு. கிரில் கதவு திறந்தால் போதாது. ஜன்னலும் அதே இடத்தில் திறக்க வேண்டும். நகர்த்தும் கண்ணாடி ஜன்னலில் ஒரு பாதிதான் ஒரு சமயத்தில் திறக்கும். 4 அடி ஜன்னலில் 3 மரக்கதவுகள் இருந்தால், இடையில் நிற்கும் சட்டங்களுக்கு நடுவே 16 அங்குலம்கூடத் தேறாது. அத்தகைய ஜன்னலை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதே நன்று. ஜன்னலைப் பெரிதாக்கச் சுவரை உடைக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் கூறினால், கட்டடப் பொறியாளர் பார்க்கும்வரை சம்மதிக்க வேண்டாம். அடுக்ககமாயின் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் தேவைப்படலாம்.

விலைப்புள்ளியைக் குறைந்தது மூவரிடமாவது எழுத்தில் பெறுதல் வேண்டும். சிலர் சதுர அடிக்கும் சிலர் கிலோவுக்கும் விலை சொல்வார்கள். ஒரே கணக்கில் கேட்டால்தான் ஒப்பிட முடியும். கம்பியின் பருமனைக் குறிப்பிடாத விலைப்புள்ளிக்குப் பொருளில்லை. 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 1.13 கிலோ எடையுள்ளது, 10 மி.மீ. கம்பி 0.785 கிலோ மட்டுமே. 4 அடிக்கு 4 அடி கிரில்லில், 4 அங்குல இடைவெளியில் நிற்கும் கம்பிகள் 13, படுக்கைக் கம்பிகள் 4 என்று கொண்டால், 12 மி.மீ. கம்பியில் எடை சுமார் 23 கிலோ, 10 மி.மீ. கம்பியில் சுமார் 16 கிலோ. சதுர அடிக்கு விலை பேசிய பின் மெல்லிய கம்பி வந்து சேர்ந்தால், அந்த 7 கிலோ இழப்பு நம்முடையது. கதவின் சட்டத்துக்கும் கீல்களுக்கும் உரிய எடை இதற்கு மேற்பட்டது.

ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா என்று கேட்க வேண்டும். பதிவு செய்யாத பட்டறை அவ்வரியை வசூலிக்க இயலாது. பதிவு செய்தவரின் 15 இலக்க எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

பட்டறையிலேயே முழுமையாகச் செய்து வந்து வீட்டில் பொருத்த மட்டும் செய்வதே நல்லது. வீட்டினுள் வெல்டிங் வைத்தால் தீப்பொறி ஜன்னல் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பதியும், திரைச்சீலையிலும் விழும். தீயிலிருந்து தப்ப வழி செய்யப்போய் தீயை வரவழைத்துக்கொள்ளலாகாது.

பூட்டு விஷயத்தில் எளிய விடை கிடையாது. சாவியில்லாத தாழ், கண்ணாடியை உடைத்துக் கைவிடும் திருடனுக்கும் திறக்கும். சிறு குழந்தைக்கும் எட்டினால் திறக்கும். சாவி போட்ட பூட்டோ புகையில் நம்மைத் தவிக்கவிடும். மாடி வீடுகளில், வெளியிலிருந்து கை எட்டாதபடி மறைப்புத் தகடு வைத்த தாழைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் அமைப்பது ஏற்றது என்பது என் கருத்து. தரைத்தள வீட்டில் பூட்டு இன்றியமையாததென்றால், சாவி அந்த அறையிலேயே, ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், வெளியிலிருந்து எட்டாத இடத்தில் தொங்க வேண்டும். பீரோவில் உள்ள சாவி இல்லாத சாவியே.

உயர்ந்த மாடிகளில் இத்திறப்பு குதிப்பதற்கன்று. மூச்சுக் காற்றுக்கும், இருக்குமிடத்தைத் தெரிவிக்கவும், ஏணி எட்டுமாயின் மீட்கப்படவுமே அது பயன்படும். படிக்கட்டே முதல் வழி. அங்கே செருப்பு அலமாரியும் சைக்கிளும் நிற்கலாகாது.

கிரில் மட்டுமாயின் சேமிப்பிலிருந்து செய்துகொள்ளக்கூடிய செலவுதான். பெரிய புதுப்பிப்பு வேலையோடு சேர்த்துச் செய்வோர் வீட்டுச் சீரமைப்புக் கடன் பற்றித் தம் கிளையில் விசாரிக்கலாம். எவ்வாறாயினும் தொகையை மொத்தமாக முன்பணமாகத் தராமல், பகுதி பகுதியாகவும் வங்கிக் கணக்கின் வழியாகவும் செலுத்துக. அந்தப் பதிவும் எழுதிய விலைப்புள்ளியும் கையில் இருந்தால், வேலை குறைபாடாக முடியும்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், தேவையெனில் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிட முடியும்.

கடைசித் தவணையைத் தருமுன், வீட்டில் மிக முதியவரை விளக்கணைத்த அறையில் கிரில் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அவ்வாறு பார்த்துத்தான் பணம் கொடுத்தோம். ஓராண்டு கழித்து வர்ணம் பூச வந்தவர் கீலையும் தாழையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போனார். சில மாதங்களுக்குப் பின் தற்செயலாகத் திறக்க முயன்றபோதுதான் ஒட்டிக்கொண்டது தெரிந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தோம். அதுமுதல் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஒருமுறை திறந்து மூடுகிறோம்.